பை போனது, நொதி போகவில்லை: பித்தப்பை அறுவைக்குப் பின் செரிமான மாத்திரைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. பித்தப்பையை எடுத்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற குழப்பங்களை ஒரே கோப்பில் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. அவருடைய பரிசோதனை எண்களும் அப்படி அமைத்தவையே. மருந்தளவுகளும் உடலியங்கியல் கணக்குகளும் உள்ளபடி இருப்பவை.

நோயாளி

46 வயதுப் பெண், எடை 62 கிலோ. பித்தப்பைக் கல்லுக்காக 5 மாதங்களுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றப்பட்டது. அறுவையில் சிக்கல் எதுவும் இல்லை. மறுநாளே வீடு திரும்பிவிட்டார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும் 1 கிராம், தைராய்டுக்குத் தைராக்ஸின் 75 மைக்ரோகிராம். இரண்டும் பல வருடப் பழக்கம்.

சொன்ன குறை: "சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள ஓட வேண்டியிருக்கு."

ஒரு நாளைக்கு 5 முறை. அதில் 3 முறை காலை 10 மணிக்குள். தண்ணீராக, மஞ்சளும் பச்சையும் கலந்து போகிறது. போன இடம் எரிகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு இரவு தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, வலது விலாவுக்குக் கீழே வலி இல்லை. எடை 1 கிலோ குறைந்திருக்கிறது, அதுவும் பயந்து சாப்பாட்டைக் குறைத்ததால்.

கேட்டால்தான் வெளியே வந்த ஒரு விவரம்: வெளியூர் போகும் நாட்களில் காலை டிபனைத் தவிர்த்துவிடுவாராம். அன்றைக்கு மதியம் வரை வயிறு தொந்தரவே தருவதில்லை. கோப்பில் இருந்த எல்லாப் பரிசோதனைகளையும்விட இந்த ஒரு வரிக்கு எடை அதிகம். உணவு உள்ளே போனால் போகிறது, நிறுத்தினால் நிற்கிறது. தொற்றால் வரும் பேதி இப்படி நடந்துகொள்வது அபூர்வம்.

மருந்துப் பையைக் கொட்டியபோது

மேசையில் விழுந்தவை: பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல், அர்சோடியாக்சிகோலிக் அமிலம் 300 மி.கி. மாத்திரை (காலை, இரவு), ஏலக்காய் மணக்கும் ஒரு ஜீரண சிரப், கணைய நொதி கேப்ஸ்யூல் (10,000 லிப்பேஸ் யூனிட்), இணையத்தில் வாங்கிய 'பித்தப்பை இல்லாதவர்களுக்கு' என்று பெயர் போட்ட ஒரு டப்பா. ஒவ்வொன்றின் லேபிளையும் படிக்க வேண்டும். சிக்கல் பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது.

சிரப்: 5 மில்லியில் ஃபங்கல் டயஸ்டேஸ் (1:1200), பெப்சின் (1:3000). அடைப்புக்குள் இருப்பது வலிமை: ஒரு பங்கு டயஸ்டேஸ் 1200 பங்கு மாவுச்சத்தைச் செரிக்கும் என்பது பொருள். டயஸ்டேஸ் மாவுச்சத்துக்கு, பெப்சின் புரதத்துக்கு. கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ் இதில் ஒரு துளிகூட இல்லை. பித்தநீரின் செரிமான வேலை கொழுப்போடுதான் என்பதால், இந்த சிரப்புக்கும் பித்தப்பை அறுவைக்கும் உறவே கிடையாது. இன்னொரு வேடிக்கை: பெப்சின் வேலை செய்ய இரைப்பையில் நல்ல அமிலம் வேண்டும். அதே சீட்டில் அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோல். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியது போல. இதுபோன்ற சிரப்புகளில் சர்க்கரையோ, அதற்குப் பதில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டாலோ இருக்கும். சர்க்கரை இருந்தால் நீரிழிவுக்காரருக்கு ஆகாது. சார்பிட்டால் தானே பேதியாக்கும்.

இணைய டப்பா: ஒரு கேப்ஸ்யூலில் சில நொதிகளோடு மாட்டுப் பித்தம் 125 மி.கி. மூன்று வேளையும் எடுத்துக்கொண்டிருந்தார். மாட்டுப் பொருள் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. கணைய நொதி கேப்ஸ்யூலில் இருக்கும் பான்கிரியாட்டின் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதும் தெரியாது. சைவர்களிடமும் இஸ்லாமியரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. பின்னால் தெரிந்து மருந்தையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு, உண்மையிலேயே அது தேவைப்பட்டவர்கள் உட்பட.

பை எதற்கு, நொதி எங்கிருந்து

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 முதல் 1000 மில்லி வரை. பித்தப்பை அதில் 30–50 மில்லியைப் பிடித்துவைத்து, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, சாப்பிடும்போது பீய்ச்சும் பை, அவ்வளவுதான். லிப்பேஸ், அமைலேஸ், டிரிப்சின் எல்லாம் கணையத்தின் சரக்கு. பித்தப்பையை வெட்டி எடுக்கும்போது கணையத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே அறுவைக்குப் பிறகு 'நொதி குறைந்துவிட்டது' என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. கணையத்துக்கும் தாராளக் கையிருப்பு உண்டு: லிப்பேஸ் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்த பிறகுதான் மலத்தில் கொழுப்பு போகத் தொடங்கும்.

பை போன பிறகு மாறுவது நேரம். பித்தநீர் சாப்பாட்டுக்குக் காத்திராமல் சதா குடலுக்குள் கசிகிறது. உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலம் 2 முதல் 4 கிராம்தான். அதுவே குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே ஒரு நாளில் பல சுற்று வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். தப்பிப் பெருங்குடலுக்குப் போவது நாளைக்குச் சுமார் அரை கிராம். அதைக் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுகட்டும். பை இல்லாதபோது சுற்றுகள் கூடி, சிலருக்குத் தப்பிப் போகும் அளவும் கூடுகிறது. பெருங்குடலில் இந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் சுரக்க வைத்து, குடலை வேகமாக நகர்த்தும். விளைவு அவசரம், தண்ணீர், எரிச்சல். இதைத்தான் பித்த அமிலப் பேதி என்கிறோம்.

இப்போது அவருடைய மாட்டுப் பித்தத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு 375 மி.கி. குடலில் சுற்றும் பல கிராமோடு ஒப்பிட்டால் அற்பம். தப்பிப் போகிற அரை கிராமோடு ஒப்பிட்டால் அற்பமில்லை. கூடவே அர்சோ மாத்திரை 600 மி.கி.; அதுவும் ஒரு பித்த அமிலம்தான், பேதி அதன் தெரிந்த பக்கவிளைவு. இவை முழுதும் பெருங்குடலுக்குப் போய்விடாது. கல்லீரலும் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் ஏற்கெனவே நிரம்பி வழிகிற தொட்டிக்கு மேலே குழாயைத் திறந்துவிட்ட கதைதான். கல்லைக் கரைக்கக் கொடுக்கும் அர்சோ, கல்லும் பையும் போன பிறகும் சீட்டில் தொடர்வது வெறும் பழக்கதோஷம். கல்லீரல் நோய், பித்தக் குழாயில் மறுபடி மறுபடி வரும் கல் போன்ற தனிக் காரணம் உண்டா என்று எழுதியவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

168 என்ற எண்

கணைய நொதி கேப்ஸ்யூல் சீட்டில் ஏறியதற்கு ஒரு பரிசோதனை காரணம்: மல எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி மலத்தில் எவ்வளவு என்ற அளவு), கிராமுக்கு 168 மைக்ரோகிராம். 200-க்குக் கீழே என்றால் கணையக் குறை என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் படித்துக் கேப்ஸ்யூல் எழுதியதில் தவறு சொல்ல முடியாது, மாதிரி எப்படி இருந்தது என்று யாரும் கேட்காததைத் தவிர. டப்பாவில் அவர் கொடுத்தது தண்ணீர். எலாஸ்டேஸ் ஒரு கிராம் மலத்துக்கு எவ்வளவு என்று அளக்கப்படுவது. மலம் நீர்த்தால் எண்ணும் நீர்த்துவிடும். 100-க்குக் கீழே விழும் எண்ணையே தண்ணீர் மாதிரியில் நம்பத் தயங்க வேண்டும் என்றால், 100-க்கும் 200-க்கும் நடுவில் நிற்கும் எண்ணைச் சொல்லவே வேண்டாம்.

கேப்ஸ்யூலை அவர் எடுத்த விதமும் பிசகு. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், 10,000 யூனிட். நிஜமாகவே கணையக் குறை இருந்திருந்தாலும் இது பலித்திருக்காது. பெரியவர்களுக்குப் பிரதான உணவுக்கு 40,000–50,000, சிற்றுண்டிக்கு 20,000–25,000 யூனிட்டில் தொடங்குவதே வழக்கம். முதல் கவளத்தோடு ஒரு பங்கு, நடுவில் ஒரு பங்கு என்று உணவோடு கலந்தே உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கும் குருணைகளின் மேல்பூச்சு பிஹெச் 5.5-க்கு மேல், அதாவது அமிலம் குறைந்த இடத்தில்தான் கரையும். மென்றால் பூச்சு உடைந்து, இரைப்பை அமிலத்தில் நொதி செத்துவிடும், வாயும் புண்ணாகும். விழுங்க முடியாதவர்கள் கேப்ஸ்யூலைத் திறந்து புளிப்பான மசித்த பழத்தில் கலந்து உடனே விழுங்கலாம். சூடான ரசத்திலோ பாலிலோ கூடாது. மேல் வரம்பு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 2,500 யூனிட், நாளைக்கு கிலோவுக்கு 10,000. அதைத் தாண்டிய அளவுகளில் பெருங்குடல் தழும்பேறிச் சுருங்கியது பதிவாகியிருக்கிறது. டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்கக் கூடாது; நம் ஊர் மே மாதத்தில் அந்த அலமாரியின் சூட்டிலேயே நொதி வீரியம் இழந்துவிடும்.

ஆகப் பலன் தெரியாததற்கு இரண்டு விளக்கம் இருந்தது: மருந்து தேவையில்லை, அல்லது மருந்து தப்பாகக் கொடுக்கப்பட்டது. இரண்டில் எது என்று பிரிக்காமல் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

பிரிக்க உதவுவது மலத்தைப் பற்றிய கேள்வி. கொழுப்பு செரிக்காமல் போனால் மலம் வெளிறி, அளவில் பெருத்து, நாற்றமெடுத்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டி, மேலே எண்ணெய்ப் படலம் விடும். எடை இறங்கும். மிதப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வாயு கலந்தாலும் மிதக்கும். இவருக்குப் படலம் இல்லை, ஒட்டல் இல்லை. மஞ்சள் தண்ணீரும் எரிச்சலும்தான்.

செய்தது என்ன

ஆபத்தானவற்றை முதலில் ஒதுக்க வேண்டியிருந்தது. கல்லீரல் ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் இரண்டும் இயல்பு. ஆகவே பித்தக் குழாயில் மிச்சக் கல் என்ற சந்தேகம் வலுக்கவில்லை. வலியோ காமாலையோ இருந்திருந்தால் பித்தக் குழாயைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் வரை போயிருக்க வேண்டும். ரத்த எண்ணிக்கை, மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டுவது), சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்) பரிசோதனை இயல்பு. அறுவை நேரத்தில் ஆன்டிபயாட்டிக் போட்டிருந்ததால் அதன் பின் குடலில் பெருகிப் பேதியாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமிக்கான பரிசோதனையும் செய்யப்பட்டது. இல்லை என்று வந்தது.

பிறகு கழித்தல். அர்சோ (அறுவை மருத்துவரிடம் கேட்டு), மாட்டுப் பித்த டப்பா, சிரப், கணைய கேப்ஸ்யூல் நான்கும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே நல்ல முறை. ஆனால் நான்குமே தேவையற்றவை என்றான பிறகு வரிசையாக நிறுத்தி மாதக்கணக்கில் இழுப்பதில் பொருளில்லை. பான்டோப்ரசோலுக்கும் காரணம் இல்லாததால் இரண்டு வாரத்தில் அதையும் விட்டார். 10 நாளில் 5 முறை 3 முறையானது. எதுவும் புதிதாகக் கொடுக்காமலே.

அடுத்து மெட்ஃபார்மின். பல வருடம் ஒத்துக்கொண்ட மருந்து இப்போது எப்படிக் குற்றவாளியாகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெட்ஃபார்மினுக்கும் குடலில் பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் குணம் உண்டு. தனியாக இருந்தவரை குடல் சமாளித்தது. பை போனதும் இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டோடு 1 கிராம் மட்டும் என்று குறைக்கப்பட்டது. சர்க்கரையை வீட்டிலேயே அளந்து வந்தார், பெரிதாக ஏறவில்லை.

உணவில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. 'நாங்க எண்ணெயே சேர்க்கறதில்ல' என்ற பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்வி போதும்: மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர்? 4 பேருக்கு 4 லிட்டர். லிட்டருக்கு 920 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு நாளைக்கு 30 கிராம். மொத்தம் மோசமில்லை, விழுகிற நேரம்தான் மோசம். காலை இட்லிப் பொடிக்கு மட்டும் 3 தேக்கரண்டி நல்லெண்ணெய், அதாவது 13–14 கிராம் கொழுப்பு. இரவெல்லாம் பிடித்துவைக்கப் பை இல்லாமல் குடலில் இறங்கிய பித்தநீர், முதல் டிபனோடு மொத்தமாக நகரும் வேளை அது. அதற்கு ஒரு மணி முன்னால் வெறும் வயிற்றில் பால் விட்ட ஃபில்டர் காபி: காஃபீன் குடலைத் தூண்டும், பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் பலருக்குச் செரிக்காது. பொடிக்கு எண்ணெய் 1 தேக்கரண்டி, காபி டிபனுக்குப் பிறகு பாதி டம்ளர், 3 பெரிய வேளைக்குப் பதில் 5 சிறிய வேளை. பாலை முழுதும் நிறுத்தச் சொல்லவில்லை. தயிரும் மோரும் ஒத்துக்கொண்டன.

தேங்காய் எண்ணெய்க்குப் பித்தநீரே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பித்தநீர் அதிகம் தேவைப்படாத குறுகிய கொழுப்பு அமிலங்கள் அதில் சிறு பங்குதான். பாதிக்கு நெருக்கமாக இருப்பது லாரிக் அமிலம், அது பெரும்பாலும் மற்ற கொழுப்பின் வழியிலேயே போகும். ஆகவே அதையும் கரண்டியால் அளந்தே ஊற்ற வேண்டும்.

இரவு இசப்கோல் 1 தேக்கரண்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரில். கொஞ்சம் பித்த அமிலத்தையும் நிறைய நீரையும் பிடித்துக்கொள்ளும். 3 முறை 2 அல்லது 3 ஆனது, ஆனால் காலை அவசரம் போகவில்லை.

கொலெஸ்டிரமின், அதில் நேர்ந்த சறுக்கல்

பித்த அமிலப் பேதியை உறுதிப்படுத்த பிரிட்டனில் செஹ்கேட் ஸ்கேன் செய்வார்கள்: கதிரியக்கக் குறியிட்ட பித்த அமிலத்தை விழுங்கவைத்து, 7 நாளில் 15 சதவீதத்துக்கும் குறைவாக உடலில் மிஞ்சினால் உறுதி. அமெரிக்காவிலேயே அது இல்லை. இல்லாத இடத்தில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே பரிசோதனை. கொலெஸ்டிரமின் குடலில் பித்த அமிலத்தைக் கட்டிப்போடும் பிசின், ரத்தத்துக்குள் போவதில்லை.

முதல் 4 நாள் 2 கிராம், பிறகு 4 கிராம், காலை டிபனுக்கு முன். பாக்கெட்டின் எடை வேறு, உள்ளே இருக்கும் மருந்தின் எடை வேறு; லேபிளில் 'கொலெஸ்டிரமின் 4 கிராம்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். தூளை அப்படியே வாயில் போட்டால் புரையேறும். 150–200 மில்லி தண்ணீரில் தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கலக்கிக் குடித்து, டம்ளரை அலசி அதையும் குடிக்க வேண்டும். மணல் குடிப்பது போலிருக்கும். பாதிப் பேர் மருந்தை விடுவது அந்த மணலுக்காகத்தான் என்றால் மிகையில்லை. நீர்மோரில் கலந்ததும் இவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஐந்தாம் நாள் ஒரே முறை, உருண்ட மலம். அந்த விரைவே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது.

8 வாரம் கழித்து வேறு புகார்: அசதி, முடி கொட்டுகிறது. டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 11.4. அறுவைக்கு முன் 2.6. காலை 6 மணிக்குத் தைராக்ஸின், 7 மணிக்குக் கொலெஸ்டிரமின் என்று எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பிசினுக்குப் பித்தம் எது, மாத்திரை எது என்று தெரியாது, கிடைத்ததையெல்லாம் கட்டும். மற்ற மருந்துகள் இதற்கு ஒரு மணி முன்னால் அல்லது 4 முதல் 6 மணி பின்னால் என்பது பொது விதி. தைராக்ஸினுக்கு இந்த ஒரு மணி போதவில்லை. நான்கு மணிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். சீட்டில் 'காலை' என்று மட்டும் எழுதி, மணியை எழுதாமல் விட்டதால் வந்த வினை. புது அட்டவணை: காலை 7.30-க்குக் கொலெஸ்டிரமின், இரவு 8-க்குச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின், அப்போதே தைராக்ஸினைச் சேர்க்காமல் 3 மணி இடைவெளி விட்டு 11-க்கு அது. தைராக்ஸின் அளவைக் கூட்டவில்லை. 7 வாரத்தில் டிஎஸ்எச் 3.1.

நொதி யாருக்கு

மலம் கட்டியான பிறகு எலாஸ்டேஸ் மறுபடி பார்க்கப்பட்டது: 412. கணையம் நன்றாகவே இருக்கிறது. (நொதி மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் இந்தப் பரிசோதனைக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, அது மனித எலாஸ்டேஸை மட்டுமே அளக்கும்.)

இதே கோப்பில் வேறு விவரம் இருந்திருந்தால் முடிவும் மாறியிருக்கும். கல் கணையக் குழாய் வாயை அடைத்துக் கணைய அழற்சி வந்து, திசு அழுகி, அதன் பிறகு பித்தப்பையை எடுத்தவர்களுக்கு நொதி உண்மையிலேயே குறையலாம். கேரளத்திலும் தமிழகத்திலும் இளவயதிலேயே கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் படியும் நாள்பட்ட அழற்சி தெரிந்த நோய். அதோடு சர்க்கரையும் வரும். இப்படிப்பட்ட ஒருவருக்குத் தற்செயலாகப் பித்தப்பையும் எடுக்கப்பட்டு, எண்ணெய்ப் படலமும் எடையிறக்கமும் இருந்தால், மேலே சொன்ன முழு அளவில் கணைய நொதி கொடுக்கத் தயங்கக் கூடாது. நொதிக்கு நியாயம் கணையத்திலிருந்து வர வேண்டும்.

வெறும் உப்புசத்துக்கும் புளித்த ஏப்பத்துக்கும் சிரப் கேட்பவர்கள் வேறு கூட்டம். அவர்களில் பலருக்கு அந்த உப்புசம் அறுவைக்கு முன்பே இருந்தது; ஸ்கேனில் கல் தெரிந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. பையை எடுத்தும் போகாததை டயஸ்டேஸ் போக்காது. ஆனாலும் பலர் 'டானிக் குடிச்சேன், சரியாச்சு' என்பார்கள். அறுவைக்குப் பிந்தைய வயிற்றுக் கோளாறு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். பாட்டில் தீருவதும் அதே சமயம்தான்.

ஆறாம் மாத முடிவில் கொலெஸ்டிரமின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 கிராமாகக் குறைந்தது. நீண்ட நாள் தொடர்ந்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம், டிரைகிளிசரைடு ஏறலாம் என்பதால் வைட்டமின் டி, டிரைகிளிசரைடு, ரத்தம் உறையும் நேரம் மூன்றும் பார்க்கப்பட்டன; வைட்டமின் டி மட்டும் குறைவு, மாத்திரை தரப்பட்டது, அதுவும் பிசின் எடுக்காத நாளில். கல்யாண வீட்டுச் சாப்பாடு இருக்கும் நாளில், அது பிசின் எடுக்காத நாளாக இருந்தாலும், காலையில் ஒரு பாக்கெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறார். நொதி டப்பாக்கள் எதுவும் இப்போது பையில் இல்லை.